ஆறாம் கட்டை

அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தையல்காரி தன்னை மட்டும் நல்லவளாக வைத்துக்கொண்டு கதை சொல்கிறாள் என்று பேச்சு வரும்.

ஆர்மோனியம் பழுது பார்ப்பவரிடம் இரண்டாம் தடவை போனபோது, ஆர்மோனியத்தின் ஒரு பக்கத்துப் பிடியை நான்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன். மறுபக்கம் பெட்டிக்காரர். எங்கள் நாடகக் குழுவில் ஆர்மோனியத்தைப் பெட்டி என்போம், வாசிக்கிறவரைப் பெட்டிக்காரர் என்போம். குழுவின் தலைப் பாட்டுக்காரியை நான் அக்கா என்பேன், அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் அவர். நாற்பது வருஷமாக அக்கா பாட, அவர் வாசிக்கிறார். பழுது பார்ப்பவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, என்ன பழுது?" என்று கேட்டார்.

பெட்டிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பழுது ஒண்ணுமில்ல. போன தடவை மாதிரியே எல்லா ரீடையும் இன்னும் அரைக் கட்டை இறக்கிக் குடுங்க. வெளியில பாத்தா எதுவும் தெரியக் கூடாது" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். பாடுகிறவர்கள் குரலின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பெட்டியில் அந்த உயரத்துக்கு விரல் அழுத்துகிற இடத்துக்கும் கட்டை என்றுதான் பேர். பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையில் பாடுவார்கள். அக்கா ஆறு. எல்லாரும் ஏறி இறங்கத் தவிக்கிற உயரத்தில் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாடகத்தில், ஆயிரம் பேருக்கு முன்னால், உச்சியில் குரல் உடைந்தது. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. வெந்நீர் கொடுத்தால் தள்ளிவிட்டாள். இனி மேடையே வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னாள், அதற்குப் பிறகு பேச்சே இல்லை. நான்காம் நாள் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அரைக் கட்டை இறக்கி வாங்கி வந்தார். அடுத்த நாடகத்தில் அவர் வழக்கம்போல ஆறாம் கட்டையைத்தான் அழுத்தினார். சத்தம் மட்டும் ஐந்தரையில் வந்தது. அக்கா அனாயாசமாகப் பாடிவிட்டு உள்ளே வந்து, "பாத்தியா, திரும்பி வந்துடுச்சு" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்து யார் சொல்வது? பிடிலும் தபேலாவும் பெட்டியைக் கேட்டுத்தான் சுருதி சேர்க்கும், அவர்களும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் அந்த ஐந்தரையும் தடுமாற ஆரம்பித்தபோதுதான், நான் பிடியைப் பிடித்துக்கொண்டு போனது. இப்போது ஆறாம் கட்டையை அழுத்தினால் ஐந்துதான் வரும்.

அக்கா பாடும்போது அண்ணனின் விரலைப் பார்த்துக்கொண்டுதான் பாடுவாள். விரல் ஆறில் இருக்கிறதா, சரி, நாம் ஆறில் இருக்கிறோம். அவள் நம்பிக்கை முழுவதும் அந்த விரலில் இருந்தது.

அவளைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லவேண்டும். ஒன்பது வயதில் குரல் வராத ஒரு ராஜகுமாரன் வேஷக்காரருக்காகத் திரைக்குப் பின்னால் நின்று பாடியவள். பதினாலு வயதில், மழைக் காய்ச்சலில் குழுவே படுத்துக் கிடந்த ஒரு நாள், ஒரே நாடகத்தில் ஏழு வேஷமும் தானே கட்டி ஏழு குரலில் பேசினாள். அன்றிலிருந்து ஊருக்கு அவள் ஏழுகுரலம்மா. பிறகு ராணி வேஷம். அரண்மனையிலிருந்து துரத்தப்பட்ட ராணி, மூடிய கதவுக்கு முன்னால் நின்று பாடும் பாட்டை எல்லாரும் கதவுப் பாட்டு என்பார்கள். அதை இருபத்தெட்டு வயதில் ரிக்கார்டாகப் போட்டார்கள், போடாத வீடு இல்லை. அப்புறம் பதினோரு வருஷம் சினிமாவில் மற்ற நடிகைகள் வாயசைக்க இவள் பாடினாள். அதற்குப் புதிய குரல்கள் வந்ததும், சரி போ என்று தானே காமிராவுக்கு முன்னால் வந்தாள். வக்கீலாக, திருடனின் அம்மாவாக, பைத்தியமாக நடித்தாள். ஒரு டிவி தொடரில் நாலு வருஷம் மருமகளைக் கொடுமைப்படுத்தியதில், மார்க்கெட்டில் தக்காளி விற்கிறவள் இவளுக்குத் தக்காளி தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் எந்தப் பட்டத்திலும் கிடைத்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில் மாதம் இரண்டு மேடையை அவள் விட்டதில்லை. நான் அந்த வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுக் குடியிருக்கிறேன், குழுவின் உடுப்பெல்லாம் என் கை. என்னை அவள் ஊசி என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஒரு சினிமா டைரக்டர் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். வெயில் அப்போதே தகித்தது. மின்விசிறி ஓடியும் எல்லாருக்கும் கழுத்து நனைந்திருந்தது. அக்கா நடு அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். பின்னறை வாசலில் பெட்டிக்காரர் பெட்டியின் கீல்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படத்துல நீங்கதான் எல்லாம்" என்றாள் டைரக்டர். "மேடையை விட்டுப் போன ஒரு பாட்டுக்காரி, வயசான பிறகு அதே மேடைக்குத் திரும்பி வர்றாங்க. கடைசிக் காட்சியில உங்க கதவுப் பாட்டு. பழைய ரிக்கார்டு ஓடும். அந்தக் குரல் மூணு வரி பாடும். நாலாவது வரியில நீங்க அதுமேலேயே ஏறிப் பாடணும். ஒரே ஷாட். அந்தக் குரலும் இந்தக் குரலும் சேர்ற இடத்துல ஒரு இழைகூடப் பிரியக் கூடாது."

"எனக்குப் பதிலா வேற யாராவது பாடுவாங்களா?"

"இல்லம்மா. அங்கேயே, அப்பவே, நீங்கதான். அது முடியும்னுதான் உங்ககிட்ட வந்தேன். இந்த வயசிலயும் அதே சுருதியில பாடறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஆறு கட்டை" என்றாள் அக்கா. "அன்னிக்கும் ஆறு, இன்னிக்கும் ஆறு. வேணும்னா எங்கண்ணனைக் கேட்டுக்குங்க."

டைரக்டர் திரும்பிப் பார்த்தாள். பெட்டிக்காரர் தலை நிமிரவில்லை. "ஆமா" என்றார். எண்ணெய்த் துணி துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் படப்பிடிப்பு. அந்தக் காட்சியைத்தான் முதலில் எடுக்கப் போகிறார்கள். அது சரியாக வந்தால்தான் மீதிப் படமே என்று டைரக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள்.

அவள் போனதும் அக்கா என்னைக் கூப்பிட்டாள். அந்தக் காலத்து ராணி அங்கியையே போடவேண்டுமாம். டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்து வைத்திருந்தாள். "அளவெடு, ஊசி" என்று கைகளை விரித்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாடாவை இடுப்பில் சுற்றினேன். மூச்சை இழுத்தும் முப்பத்தொன்பது. வழக்கம்போல, "அதே முப்பத்தாறுதான்" என்று சொல்லி நோட்டில் முப்பத்தாறு என்று எழுதிவிட்டு, என் உள்ளங்கையில் சாக்குக்கட்டியால் சரியான அளவைக் குறித்துக்கொண்டேன். பக்கவாட்டில் யாருக்கும் தெரியாமல் துணி ஒட்டுக் கொடுப்பது எனக்குப் பழகிப்போன வேலை. பத்து வருஷமாக அப்படித்தான். அண்ணன் பெட்டியில் செய்ததை நான் துணியில் செய்துகொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் அக்காவின் மகள் மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும், அக்கா குளிக்கப் போன நேரத்தில், மூன்று பேரும் சமையலறையில் கூடினோம். பேச்சு வெளியே கேட்காமலிருக்க மகள் குழாயைத் திறந்துவிட்டாள்.

"மாமா, நீங்களே சொல்லிடுங்க" என்றாள் அவள்.

"என்னால முடியாது."

"அப்ப நான் சொல்றேன்."

"சொல்லிட்டு? மூணு நாள் சுவத்தப் பாத்துப் படுத்திருந்தாளே, மறந்துட்டியா? அன்னிக்குக் குரல்தான் போச்சுன்னு நெனச்சா. இன்னிக்குச் சொன்னா, நாலு வருஷமா நாம எல்லாரும் அவளை ஏமாத்தினோம்னும் சேர்த்துத் தெரியும். ரெண்டையும் ஒரே நாள்ல தாங்குவாளா?"

"வியாழக்கிழமை அங்க போய்த் தெரிஞ்சா மட்டும் தாங்குவாங்களா? ஊரே பாக்கும் மாமா."

பெட்டிக்காரர் ரொட்டியைக் கையில் வைத்துப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

"அத்தை, நீங்க என்ன சொல்றீங்க?" என்று மகள் என் பக்கம் திரும்பினாள்.

"நான் என்னத்தச் சொல்றது. ரிக்கார்டையே கொஞ்சம் இறக்கி வெக்க முடியாதான்னு கேட்டுப் பாரேன். இப்பத்தான் எல்லாத்துக்கும் மெஷின் வந்துடுச்சே."

கோழைத்தனத்துக்கும் ஒரு யோசனை தோன்றும். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டுடியோவுக்கே ஓடிப்போய்ச் சவுண்டுக்காரரைப் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

"இறக்கலாமாம். ஆனா இறக்கினா குரல் கனத்துப் போய் வேற யாரோ பாடற மாதிரி ஆயிடுமாம். அதோட, அந்த ரிக்கார்டுல டைரக்டர் யாரையும் கைவெக்க விடமாட்டாங்களாம். சின்ன வயசுல அவங்கம்மா அதைப் போட்டுத்தான் அவங்களைத் தூங்க வெப்பாங்களாம். எதுக்கு இறக்கணும்னு அவர் திருப்பிக் கேட்டார். சும்மா கேட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." சற்று நிறுத்திவிட்டு, "பாட்டை என் போனுக்கு அனுப்பியிருக்காங்க, அம்மா கூடப் பாடிப் பழகறதுக்காக" என்றாள்.

"அதை அழிச்சிடு" என்றார் பெட்டிக்காரர்.

அவள் அழிக்கவில்லை. போன் ரிப்பேர் என்று சொல்லி அணைத்து அலமாரியில் வைத்தாள். நல்லவேளை, அக்காவுக்குத் தன் பழைய ரிக்கார்டுகளைக் கேட்கிற வழக்கம் கிடையாது. அந்தப் பொண்ணு பாடறதைக் கேட்டு நான் என்ன பண்ணப் போறேன் என்று, தன் இளவயதையே வேறு யாரோ மாதிரிச் சொல்வாள்.

செவ்வாயும் புதனும் அக்கா வீட்டில் பாடினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. அடுப்படியில் முட்டை வெந்துகொண்டிருக்கும்போது பாடினாள், தலை துவட்டிக்கொண்டே பாடினாள். பெட்டியோடு உட்கார்ந்தால் கதவுப் பாட்டின் உச்சி வரைக்கும் போய்த் திரும்பினாள். "எப்படி இருக்கு, ஊசி?" என்று கேட்பாள். "நல்லாயிருக்குக்கா" என்பேன். பொய்யும் இல்லை. ஐந்தில் அது நன்றாகத்தான் இருந்தது. நான் மிஷினை மிதித்துக்கொண்டே அங்கிக்கு ஒட்டுத் துணி வைத்துக்கொண்டிருந்தேன், மூன்று தடவை ஊசி உடைந்தது.

புதன் மத்தியானம் பெட்டிக்காரர் ஒரு முடிவுக்கு வந்தவர்போல எழுந்து நடு அறைக்குப் போனார். வானம் மூடிக்கொண்டிருந்தது. மழை வருகிற மாதிரி இருந்து வராமல் புழுக்கம் மட்டும் ஏறியது.

"இந்தப் படம் வேண்டாம்மா" என்றார்.

அக்கா கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து புருவம் வரைந்துகொண்டிருந்தாள். "ஏன்?"

"நாலாவது வரியில ஏறணும்னு சொல்றாங்க. நிக்க வெச்சு, காமிராவ வெச்சு, ஒரே தடவையில. உனக்கும் வயசாகுது."

"உனக்கு ஆகலையா?"

"நான் உன்னைச் சொல்றேன்."

"நான் நேத்து முழுக்கப் பாடினது உன் காதுல விழலையா? எங்க தடுமாறினேன்? ஒரு இடம் சொல்லு."

அவர் நின்றார். வாய் திறந்தது. முன்னறையில் என் கால் மிஷின் பலகையிலேயே நின்றுவிட்டது. இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் தேவலை என்றும், சொல்லாமல் விட்டால் தேவலை என்றும் ஒரே சமயத்தில் எனக்கு இருந்தது.

"இல்ல, எங்கயும் தடுமாறல" என்றார்.

அக்கா மை பென்சிலைக் கீழே வைத்தாள். "நாப்பது வருஷமா எல்லாப் பேட்டியிலயும் உன் பேரைச் சொல்லியிருக்கேன். எங்கண்ணன் விரல் இல்லன்னா நான் இல்லன்னு சொல்லியிருக்கேன். ஆனா ரிக்கார்டு அட்டையில என் படம்தான் போட்டான், உன் படம் போடல. இப்பவும் என்னைத்தான் கேட்டு வந்திருக்காங்க. அதுதானே உனக்கு?"

அந்த மனிதருக்கு அப்படி ஒரு நினைப்பு ஒரு நாளும் இருந்ததில்லை. ஆனால் அவரால் இல்லை என்றுகூடச் சொல்ல முடியவில்லை. இல்லை என்றால் பின் ஏன் என்று கேட்பாள். "அப்படியே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகளிடம் இதைச் சொன்னபோது அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை ஸ்டுடியோவில் ஒரு முழு மேடையைக் கட்டி வைத்திருந்தார்கள். நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு மூடிய கதவு. வெளியே அப்போதுதான் மழை பிடித்திருந்தது, தகரக் கூரையில் கேட்ட சத்தம் மெல்ல அடங்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். நான் மேக்கப் அறையில் அக்காவுக்கு அங்கியை மாட்டிவிட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. "பாத்தியா, அதே அளவு" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. நான் முதுகுப் பக்கம் கொக்கி மாட்டிக்கொண்டிருந்ததால் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

பெட்டிக்காரர் பெட்டியோடு காமிராவுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்திருந்தார். அக்காதான் வரச் சொன்னாள். படத்தில் பெட்டி இல்லை, ஆனாலும் அண்ணன் கண்ணுக்கு எதிரே இருக்கவேண்டும். முந்தின நாள் அப்படிப் பேசியவள்தான். மகள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுச் சுவர் ஓரமாக நின்றாள்.

ஒத்திகைக்காக ரிக்கார்டைப் போட்டார்கள். இருபத்தெட்டு வயது அக்காவின் குரல் அந்தக் கூடம் முழுவதும் எழுந்தது. ஒரு வரி, இரண்டு வரி. அக்காவின் புருவம் லேசாகச் சுருங்குவதைப் பார்த்தேன். மூன்றாம் வரி. நாலாவதில் வாயைத் திறந்து ஏறினாள். முதல் இரண்டு சொல்லைப் பிடித்துவிட்டாள். மூன்றாவது சொல்லில் குரல் கிழிந்தது.

கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள்.

"மெஷின் வேகமா ஓடுது" என்றாள் அக்கா. குரலில் சந்தேகமே இல்லை. "இது ஆறு இல்ல. ஏழுகிட்ட இருக்கு. சரி பண்ணுங்க."

சவுண்டுக்காரர் மரியாதையான மனிதர். சுருதி காட்டும் சின்னக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "இல்லம்மா, சரியா ஆறுதான். இதுலயே பாருங்க."

"அந்தக் கருவிய எவன் செஞ்சானோ. எங்கண்ணன் பெட்டி நாப்பது வருஷமா ஆறுல நிக்குது. அதைக் கேளுங்க முதல்ல. அண்ணா, ஆறு குடு. இவங்களுக்குக் காட்டலாம்."

"நல்லது, பெட்டியையும் பாத்துடலாம்" என்று சவுண்டுக்காரர் கருவியைப் பெட்டிக்கு நேராக நீட்டினார்.

ஆறை அழுத்தினால் ஐந்து என்று கருவி காட்டிவிடும். நாலு வருஷமும் இந்த இருபது பேர் முன்னால் அவிழ்ந்து விழும். அழுத்தாமல் மழுப்பினால் அவள் விடமாட்டாள். மகள் சுவரோரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

பெட்டிக்காரர் துருத்தியை மெல்ல இழுத்தார். அக்கா வழக்கம்போல அவர் விரலைப் பார்த்தாள். பெட்டியின் கட்டைகள் அவர் பக்கம் பார்த்து இருந்தன, மேடை மேலே நின்றவளுக்கும் அங்கியைச் சரிசெய்யப் போய் அவளுக்குப் பின்னால் நின்ற எனக்கும் மட்டும்தான் தெரியும். விரல் ஆறின் மேல் போய் நின்றது. அங்கிருந்து நகர்ந்து, கறுப்புக் கட்டையைத் தாண்டி, ஏழில் இறங்கியது.

சத்தம் எழுந்தது. ரிக்கார்டின் அதே சுருதி.

"பெட்டியும் ஆறுதாம்மா" என்றார் சவுண்டுக்காரர் கருவியைப் பார்த்து. "ரெண்டும் ஒண்ணுதான்."

அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். துருத்தியில் காற்று தீரும்வரை சத்தம் ஒலித்துவிட்டு நின்றது. அதற்குப் பிறகும் பார்த்தாள். அவர் விரலை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

"சரி" என்றாள். "மெஷின் சரியாத்தான் இருக்கு. எனக்கு ஒரு அரை மணி நேரம் குடுங்க."

மேக்கப் அறையில் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. அங்கியோடு சுவரில் சாய்ந்து நின்றாள். நான் கதவைச் சாத்தினேன்.

"ஏழுல ஆறு வருதுன்னா, ஆறுல அஞ்சு" என்றாள். "எத்தனை நாளா?"

"நாலு வருஷம்கா. மொதல்ல அரை. அப்புறம் இன்னொரு அரை."

"அந்தக் குரல் உடைஞ்ச நாள்லேருந்தா?"

"ஆமா."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பொண்ணுக்கு?"

"தெரியும்."

"பிடில்காரருக்கு, தபேலாக்காரருக்கு?"

நான் தலையை அசைத்தேன்.

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "திரும்பி வந்துடுச்சுன்னு உன்னைக் கட்டிக்கிட்டேனே, அப்ப என்ன நெனச்ச?"

"சந்தோஷமாத்தான் இருந்துச்சுக்கா. சத்தியமா."

"நீ அங்கியப் பிரிச்சு ஒட்டுப் போடறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பத்து வருஷமாத் தெரியும். உன் உள்ளங்கையில சாக்குக்கட்டி ஒட்டியிருக்கறத கண்ணாடியில பாத்திருக்கேன். போகட்டும்னு விட்டேன். உடம்பு எல்லார் கண்ணுக்கும் தெரியுது, அதுல என்ன ஒளிவு. ஆனா பாட்டுல நான் எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியணும் ஊசி. நான் எங்கயோ நின்னுக்கிட்டு, உச்சியில நிக்கிறதா நெனச்சு நாலு வருஷம் கும்பிடு வாங்கியிருக்கேன்."

கதவுக்கு வெளியே காலடி வந்து நின்றது. யார் என்று இருவருக்கும் தெரியும். அவர் தட்டவில்லை, அவளும் திறக்கவில்லை.

"அண்ணன் ஏன் ஆறை அழுத்தல?" என்று கேட்டாள், கதவைப் பார்த்துக்கொண்டே.

"எல்லார் முன்னாலயும் உனக்கு அவமானம் வரக் கூடாதுன்னுதான்."

"அவங்களுக்குத் தெரியக் கூடாது. எனக்குத் தெரிஞ்சாப் பரவாயில்ல."

"தெரியட்டும்னுதான் விரலை எடுக்கலன்னு நெனக்கிறேன்கா."

அக்கா பிறகு கண்ணாடிப் பக்கம் போய், வேர்வையில் கலைந்த புருவத்தைத் தானே வரைந்துகொண்டாள். "இந்தப் பக்கவாட்டு ஒட்டைப் பிரிச்சிடாதே, மூச்சு விட இடம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்தபோது நடைவழியில் அண்ணன் ஒதுங்கி நின்றார். அவரைத் தாண்டி நேரே டைரக்டரிடம் போனாள்.

"உங்க ரிக்கார்டு ஆறு கட்டை. என் குரல் இப்ப அஞ்சு. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நீங்க கேட்ட மாதிரி இழை பிரியாம என்னால சேர முடியாது. வேற ஆள் வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, உடுப்பைக் கழட்டிடறேன்."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வேற வழி இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"மூணு வரி அந்தப் பொண்ணு பாடட்டும். அதோட ரிக்கார்டை நிறுத்திடுங்க. அப்புறம் நான் எப்ப ஆரம்பிக்கிறேனோ அப்ப ஆரம்பிக்கிறேன். நடுவுல காமிராவை மட்டும் நிறுத்தாதீங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியல."

சவுண்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார். டைரக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். நகத்தைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதவையே பார்த்தாள். "ஒரு தடவை எடுத்துப் பாப்போம். சரியா வரலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றாள். அக்கா சரி என்றாள்.

காமிரா ஓடியது. ரிக்கார்டு மூன்று வரி பாடி, ஏறவேண்டிய இடத்தில் சட்டென்று நின்றது. அக்கா மூடிய கதவைப் பார்த்தபடி நின்றாள். கூரையில் மழை சொட்டும் ஓசை கேட்டது. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்து இருபதோடு விட்டுவிட்டேன். பிறகு அவள் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். காமிராவைப் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, அஞ்சு குடு" என்றாள். ஏழு குரலில் எதுவும் அல்ல, வீட்டில் தண்ணீர் கேட்கிற குரல்.

பெட்டிக்காரரின் விரல், நாற்பது வருஷமாகப் போகிற அதே ஆறாம் கட்டைக்குப் போனது. ஐந்து எழுந்தது. அவள் பாடினாள்.

அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். கேட்டிருக்கிறேன், அந்த ரிக்கார்டிலேயே. இடையில் ஒரு இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது, ஒரு சொல் பாதி தேய்ந்தது. ஆனால் தான் நிற்கிற இடம் தெரிந்து பாடினாள். அதை நான் முதல்முறையாகக் கேட்டேன். பெட்டிக்காரர் வாசித்தபடியே அழுதார், துடைத்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை. முடிந்ததும் டைரக்டர் இரண்டு தடவை ஓகே என்றாள். இன்னொன்று எடுக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். காரில் வீடு வரும்வரை அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் பேசவில்லை. பெட்டிக்காரர் பின்னறையிலேயே சாப்பிட்டார். மகள் டீ கொண்டுபோய் வைத்தால், "அங்கயே வெச்சிட்டுப் போ" என்றாள் அக்கா, அவ்வளவுதான். நான் மிஷினைக்கூட மெதுவாக மிதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மீதிப் படத்துக்கான துணிகள் ஸ்டுடியோவிலிருந்து வந்து இறங்கியிருந்தன. அக்கா என் அறைக்கு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அளவெடு" என்றாள்.

நாடாவை எடுத்தேன். வழக்கப்படி அவள் மூச்சை இழுக்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் இழுக்கவில்லை. தோளைத் தளர்த்தி, முழு மூச்சையும் விட்டுவிட்டு நின்றாள். நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தேன்.

"எழுதறதுக்கு முன்னாடி சொல்லு."

மெல்லச் சொன்னேன்.

"சத்தமாச் சொல்லு. அண்ணனுக்கும் கேக்கட்டும்."

பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நாப்பத்தொண்ணு" என்றேன், வீடு முழுக்கக் கேட்கும்படி.

"எழுதிக்கோ" என்றாள் அக்கா. பிறகு பின்னறைப் பக்கம் திரும்பாமலே, "நாளைக்குப் பெட்டியச் சுருதி சரிபண்ணக் கொண்டு போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போ, அண்ணா. ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கறேன்" என்றாள்.